கனிமப் பணத்தில் கூலி கொடுப்பதென்றால்

அன்பு மகளுக்கு,

கிராமத்து ஏழைகளுக்குக் கூலி வேலை தரும் அரசுத் திட்டத்துக்கான உன் வரைவைப் படித்தேன். கனிம ராயல்டி, அதாவது கனிமம் எடுப்பவர்கள் அரசுக்குக் கட்டும் பங்கு, வர வர அப்படியே அந்தத் திட்டத்துக்கு மாற்றுவதாக எழுதியிருக்கிறாய். அந்த வரியை முதலில் அடித்துவிடு. 2014 நடுவில், உலகச் சந்தையில் அளவுகோலாகப் பார்க்கப்படும் பிரெண்ட் கச்சா எண்ணெய் பீப்பாய் 110 டாலரைத் தாண்டி நின்றது; 2016 ஜனவரியில் 30-க்கும் கீழே போனது. விலை சரியும்போது எண்ணெய்க் கிணற்று வேலையை இழந்தவர்களும் உன் திட்டத்தின் வாசலுக்குத்தான் வருவார்கள். பெட்டியும் அதே நேரத்தில் காலியாகும்.

ராயல்டி முழுவதும் ஒரு முதலீட்டு நிதியத்துக்குப் போகட்டும். அதன் மதிப்பில் ஆண்டுக்கு இத்தனை சதவீதம் என்றுதான் எடுக்க வேண்டும். நார்வே தன் எண்ணெய்ப் பண நிதியத்துக்கு 2001-இல் 4 சதவீதம் என்று வைத்து, 2017-இல் 3 ஆகக் குறைத்தது. விலைவாசி உயர்வு போக நிதியம் நீண்டகாலத்தில் எவ்வளவு ஈட்டும் என்ற கணிப்புதான் அந்த எண். விதியைச் சட்டத்திலேயே எழுது கண்ணு. சுற்றறிக்கை என்றால் தேர்தல் வருடத்தில் மாறிவிடும்.

அடுத்து கணக்கு. ஒரு லட்சம் பேர், 100 நாள், நாள்கூலி 500 என்றால் கூலி 500 கோடி. நீ அங்கேயே நிறுத்திவிட்டாய். ஜல்லி, சிமெண்ட் எங்கே? இந்தியாவின் 2005 வேலை உறுதிச் சட்டம் கூலிக்குக் குறைந்தது 60 சதவீதம், பொருளுக்கு அதிகபட்சம் 40 சதவீதம் என்று வகுத்தது. அந்த உச்சவரம்பு வரை போனால் மொத்தம் சுமார் 833 கோடி. நிர்வாகச் செலவு தனி.

பணம் இருந்தும் கூலி இழுபடும் இடம் அளவெடுப்பு. மண்வேலைக்குக் கன அளவுப்படி கூலி: 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், அரை மீட்டர் ஆழம் என்றால் 3 கன மீட்டர். பொறியாளர் பத்து நாள் கழித்து வந்தால் மழையில் கரை சரிந்து ஆழம் குறைந்திருக்கும்; கூலியும் குறையும், சண்டை வரும். குழி நடுவே ஒரு மண் திட்டை வெட்டாமல் விடச் சொல். பழைய தரைமட்டத்துக்கு அதுதான் சாட்சி. அளவுப் புத்தகத்தில் ஏற்றிய பிறகே அதை வெட்டலாம். வாரக் கடைசியில் அளவு, 15 நாளுக்குள் கூலி. தவறினால் நஷ்டஈடு யார் தலையில் என்பதையும் சேர்.

இந்தப் பணத்தில் நிரந்தரப் பணியிடம் வேண்டாம். அளவெடுப்பவர்களின் சம்பளத்தையும் பொது வரவுசெலவுக் கணக்கில் போடு. திட்டம் சுருங்கும் ஆண்டிலும் அவர்கள் இருக்க வேண்டும்.

திருத்திய அட்டவணையை அனுப்பு, பார்க்கிறேன்.

அன்புடன்,
அப்பா