மானிய விண்ணப்பம்: இணையும் பள்ளிகள் கவனத்திற்கு

வணக்கம் ஆசிரியர்களே. பினாங்கு மாநிலத்தின் செபராங் பிறையில் 150 மாணவர்களுக்கும் குறைவாக உள்ள தமிழ்ப்பள்ளிகள் சேர்ந்து ஆசிரியர் பயிற்சி நடத்த மானியம் கேட்கிறோம். கணிதத்துக்கு ஒரே ஆசிரியர் இருக்கும் பள்ளியில், பாடத்தைப் பற்றிக் கலந்து பேசக்கூட ஆளில்லை. அதற்காகத்தான் இந்தக் கூட்டு முயற்சி.

பயிற்சிக்கு நாம் பின்பற்றப்போவது ஜப்பானில் தோன்றிய பாட ஆய்வு (lesson study) முறைதான். சேர்ந்து திட்டமிடுவோம், ஒருவர் கற்பிப்பார், மற்றவர்கள் ஆசிரியரை அல்ல, மாணவர்களைக் கவனிப்பார்கள். திருத்திய பாடத்தை அடுத்த பள்ளியில் நடத்துவோம்.

மண்டப வாடகையைச் செலவுக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்பது என் கருத்து. பள்ளி நூலகமே போதும். பணம் பயணத்துக்கும் பயிற்றுப்பொருளுக்கும் போகட்டும்.

தலைமையாசிரியர் கையொப்பமும் பள்ளி முத்திரையும் உள்ள ஒப்புதல் கடிதத்தை வெள்ளிக்கிழமைக்குள் என் தனிப் புலனத்துக்கு (வாட்ஸ்அப்) அனுப்புங்கள். முத்திரை தெளிவாகத் தெரியட்டும்.