மூச்சு வாங்குது என்று சொன்ன சித்தப்பாவுக்கு

அன்புள்ள சித்தப்பா,

நேற்று வடசென்னைப் பக்கம் போனபோது ஒரு ரயில்வே கேட்டில் நிற்க வேண்டியிருந்தது. பக்கத்தில் எல்லோரும் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள். நான் பைக்கை ஓரம்கட்டிவிட்டு இறங்கி நின்றேன். உங்களால் வந்த பழக்கம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சைக்கிள் பாரில் துண்டை மடித்துப் போட்டு, என்னை உட்காரவைத்துக் கொருக்குப்பேட்டை கேட்டுக்குக் கூட்டிப்போவீர்கள். மற்றவர்கள் கேட் எப்போது திறக்கும் என்று நிற்பார்கள். நாம் எப்போது மூடும் என்று நிற்போம். வேகன் எண்ணுவது என் வேலை. நிலக்கரி வண்டி என்றால் பெரும்பாலும் 58 வரும். நாற்பதைத் தாண்டினால் எனக்குக் கணக்கு தப்பிவிடும், உங்களுக்குத் தப்பியதே இல்லை. கடைசியில் கார்டு பெட்டி. அவர் கையாட்டிவிட்டால் வீடு திரும்பி எல்லோரிடமும் சொல்லியாக வேண்டும்.

ஒருநாள் இரண்டு டீசல் இன்ஜின் பூட்டிய கூட்ஸ் ஒன்று சிக்னலுக்கு நின்றிருந்தது. கிளம்பியபோது வேகன்களை இணைக்கும் கப்ளிங்குகள் ஒவ்வொன்றாக இழுபட்டு, அந்தச் சத்தம் முன்னாலிருந்து கார்டு பெட்டிவரை ஓடியது. மேலே கன்னங்கரேலென்று புகை. "தீப்பிடிச்சிருச்சா சித்தப்பா?" என்று உங்கள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இல்லடா, மூச்சு வாங்குது. பாரம் ஜாஸ்தில்ல."

கல்லூரியில்தான் அது முழுசாகப் புரிந்தது. நாம் பார்த்த டபிள்யூடிஎம்-2 வகை டீசல் இன்ஜின், அமெரிக்காவின் ஆல்கோ கம்பெனி வடிவமைத்தது. 16 சிலிண்டர், 2600 குதிரைத்திறன், சுமார் 113 டன். 1964 முதல் வாரணாசியில் செய்தார்கள். ஆல்கோ 1969-ல் மூடிய பிறகும் இங்கே செய்வது நிற்கவில்லை. டிரைவர் இன்ஜின் விசையைக் கூட்டும் கைப்பிடியை ஒரு படி (நாட்ச்) ஏற்றியதும் டீசல் உடனே பாய்ந்துவிடும். காற்றை உள்ளே தள்ளும் டர்போ வேகம் பிடிக்கச் சில நொடியாகும். அதுவரை காற்று போதாமல் டீசல் அரைகுறையாக எரியும், அதுதான் கரும்புகை. வகுப்பில் இதைக் கேட்டதும் உங்கள் குரல்தான் காதில் விழுந்தது. நீங்கள் சொன்னது அப்படியே நிஜம் சித்தப்பா. அன்றைக்கே ஓடிவந்து சொல்லியிருக்க வேண்டும், விட்டுவிட்டேன்.

நேற்று வந்தது மின்சார இன்ஜின். கேட்டோரம் குடியிருப்பவர்களுக்குப் புகை இல்லை, நல்லதுதான். ஆனால் டீசல் சும்மா நின்றாலே நெஞ்சுக்குள் இறங்கும் அந்தத் துடிப்பை நான் தேடினேன்.

இன்ஜின் நம்பர் எழுதிய நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் உங்கள் கையெழுத்தில் ஒரு நம்பர். 17 தெரிகிறது, மீதி மூன்று இலக்கமும் தண்ணீர் பட்டு அழிந்துவிட்டது. நினைவிருந்தால் சொல்லுங்கள், எழுதிவைக்கிறேன்.

உங்கள் அண்ணன் மகன்