இனிப்பு மக்காச்சோளத்துக்கு எரு: ஆண்பூ வரும்வரை காத்திருக்காதீர்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். இனிப்பு மக்காச்சோளத்தில் ஆண்பூ (செடியின் உச்சியில் வரும் பூங்கொத்து) வந்தபின் மேலுரத்துக்குப் (வளரும் பயிருக்கு இடும் உரத்துக்கு) புண்ணாக்கு கேட்டுப் பலர் வருகிறீர்கள். அப்போது போடுவது கதிருக்கு அதிகம் உதவாது. புண்ணாக்கை மண்ணின் நுண்ணுயிர்கள் சிதைத்த பிறகுதான் அதன் தழைச்சத்து (நைட்ரஜன்) வேருக்குக் கிடைக்கும்; அதற்கு இரண்டு, மூன்று வாரம் ஆகும். பயிரோ முழங்கால் உயரத்திலிருந்து கதிர் நூல் (நுனியில் வரும் பட்டிழை) விடும்வரைதான் தழைச்சத்தை வேகமாக இழுக்கும்.

10 சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 120 கிராம் தழைச்சத்து தேவை. விதைக்க இரண்டு வாரம் முன்பு 20 கிலோ மக்கிய தொழு உரமும் 2 கிலோ மக்கிய கோழி எருவும் போட்டு, ஒரு சாண் ஆழத்துக்குள் கொத்திக் கலந்துவிடுங்கள். தொழு உரத்திலுள்ள 100 கிராம் தழைச்சத்தில் மூன்றில் ஒரு பங்கும், கோழி எருவிலுள்ள 60 கிராம் தழைச்சத்தில் பாதியும்தான் இந்தப் பயிருக்குக் கிடைக்கும். மீதத்தைக் கடலைப் புண்ணாக்கு ஈடுகட்டும்: விதைத்த 20ஆம் நாள் அரை கிலோ, 35ஆம் நாள் அரை கிலோ. தூளாக்கி, தண்டிலிருந்து நான்கு விரல் தள்ளிக் கோடு கீறிப் போட்டு, மூடி, மண் அணைத்து நீர் பாய்ச்சுங்கள். மூடாமல் விட்டால் எலியும் எறும்பும் வரும்.

கோழி எருவைப் போட்ட அன்றே மண்ணுக்குள் தள்ளுங்கள். மேலே கிடந்தால் அதன் தழைச்சத்து அமோனியாவாகப் பறந்துவிடும். அடுப்புச் சாம்பலோடு கலந்தாலும் அதே இழப்புதான். மூட்டையைப் பிரித்ததும் மூக்கில் ஏறும் நெடி அடித்தாலோ, உள்ளே கை வைத்தால் சூடு தெரிந்தாலோ அது இன்னும் மக்கவில்லை. நாற்றின் வேரைக் கருக்கும். பச்சைச் சாணியில் வேர்ப்புழு வரும், நோய்க்கிருமியும் இருக்கும். அமெரிக்க இயற்கை வேளாண் விதிப்படி, மண்ணில் படாத விளைபொருளுக்கே பச்சை (மக்காத) எருவுக்கும் அறுவடைக்கும் இடையே 90 நாள் வேண்டும். பெரும்பாலான இனிப்பு ரகங்கள் அதற்குள் அறுவடைக்கு வந்துவிடும். ஆகவே பச்சை எரு வேண்டாம்.

அடியிலைகள் நுனியிலிருந்து நடுநரம்பு வழியாக மஞ்சளித்தால் தழைச்சத்துக் குறைவு. மரத்தூள் அதிகமுள்ள எருவில் இது சகஜம், அந்தத் தூளை மக்கவைக்க நுண்ணுயிர்களே மண்ணின் தழைச்சத்தைப் பிடித்துக்கொள்ளும். இளம் இலையின் அடிப்பக்கம் வெண்பட்டை ஓடினால் துத்தநாகக் குறைவு. ஆண்டுதோறும் கோழி எருவே போட்ட மண்ணில் மணிச்சத்து (பாஸ்பரஸ்) சேர்ந்து இப்படி ஆகலாம். அங்கே கோழி எருவை நிறுத்தி, மண் பரிசோதனை செய்துவிட்டு வாருங்கள்.

கதிரில் மணி விட்டுவிட்டுப் பிடித்தால் உடனே உரத்தைக் கூட்டாதீர்கள். பெரும்பாலும் மகரந்தம் போதாததுதான் காரணம். மகரந்தம் எல்லாக் கதிருக்கும் கிடைக்க, ஒரே நீள வரிசையாக இல்லாமல், நான்கு வரிசையாவது சேர்த்துக் கட்டமாக விதையுங்கள்.