ரிச்மண்டிலிருந்து சித்தப்பாவுக்கு: ஒன்றரை டாலர் வரி

ரிச்மண்ட், வர்ஜீனியா

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நலம். சித்தியின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். அடிமைமுறையை ஒழித்த லிங்கனின் ரிபப்ளிகன் கட்சிக்குத் தெற்கத்தி வெள்ளையர் ஓட்டு எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று கேட்டிருந்தீர்கள். மற்ற மாநிலங்கள் கிடக்கட்டும், இந்த வர்ஜீனியாவில் நடந்ததைச் சொல்கிறேன்.

இங்கே கறுப்பினத்தவரைத் தனியே ஒதுக்கிய நிறப்பிரிவினைக்குக் காவல் நின்றது தடியைவிட வரி ரசீதுதான். 1902இல் எழுதிய மாநில அரசியலமைப்பு, ஓட்டுப் போட ஆண்டுக்கு 1.50 டாலர் வரி வைத்தது. முந்தைய மூன்று ஆண்டு பாக்கியையும் தேர்தலுக்கு ஆறு மாதம் முன்பே கட்டியாக வேண்டும். நவம்பர் தேர்தலுக்கு மே மாதமே கெடு. வேட்பாளர் யார் என்றே அப்போது தெரியாது. அடுத்து பெயர்ப் பதிவு. பதிவாளர் வெற்றுத்தாளை நீட்டுவார். பெயர், வயது, பிறந்த தேதி, ஊர், பார்க்கும் தொழில், முன்பு எங்கே ஓட்டுப் போட்டோம் என்பதையெல்லாம் யார் உதவியுமின்றிச் சொந்தக் கையெழுத்தில் எழுத வேண்டும். அந்தப் பதிவாளரை நியமித்தது தேர்தல் வாரியம், வாரியத்தை நியமித்தது சர்க்யூட் நீதிபதி, நீதிபதியைத் தேர்ந்தெடுத்தது சட்டமன்றம். ஏழை வெள்ளையர் பலரும் இதில் ஓட்டை இழந்தார்கள். ஓட்டர் பட்டியல் சிறுத்தால் கட்சியைக் கட்டி மேய்ப்பது சுலபம் அல்லவா?

மேய்த்தவர், அன்று தெற்கத்தி வெள்ளையரின் கட்சியாக இருந்த டெமாக்ரடிக் கட்சியின் ஹாரி பேர்டு. 1926 முதல் நான்கு ஆண்டு ஆளுநர் (இங்கே ஆளுநர் என்றால் மக்கள் தேர்ந்தெடுப்பவர், நம்மூர் முதலமைச்சர் போல), பிறகு 1933 முதல் 1965 வரை செனட்டர் (நாடாளுமன்ற மேலவை உறுப்பினர்).

1951 ஏப்ரல் 23 அன்று ஃபார்ம்வில் ஊரின் மோட்டன் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 180 பேருக்குக் கட்டிய கறுப்பினத்தவர் பள்ளியில் 450 பேருக்கு மேல் படித்தார்கள். இடம் போதாமல் தார்க்காகிதம் அடித்த கொட்டகைகளிலும் வகுப்பு நடந்தது. தலைமை தாங்கிய பார்பரா ஜான்ஸுக்கு வயது 16. பிள்ளைகள் கேட்டது நல்ல கட்டடம். வக்கீல்கள் ஆலிவர் ஹில்லும் ஸ்பாட்ஸ்வுட் ராபின்சனுமோ, பிரிவினையையே எதிர்ப்பதானால்தான் வழக்கு என்றார்கள். அரசுப் பள்ளிகளில் நிறப்பிரிவினை செல்லாது என்று நாட்டின் உச்ச நீதிமன்றம் சொன்ன 1954 பிரவுன் தீர்ப்பில் அடங்கிய ஐந்து வழக்குகளில் இதுவும் ஒன்று.

அந்தத் தீர்ப்புக்குப் பேர்டு அறிவித்த எதிர்ப்புக்கு ‘மாஸிவ் ரெசிஸ்டன்ஸ்’ (பெரும் எதிர்ப்பு) என்று பெயர். நீதிமன்ற உத்தரவால் கறுப்பினப் பிள்ளை சேரும் வெள்ளையர் பள்ளியை மூடிவிட வேண்டும் என்று 1956இல் சட்டம் போட்டார்கள். 1958 செப்டம்பரில் வாரன் கவுண்டி (கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் போல), சார்லட்ஸ்வில், நார்ஃபோக் மூன்றிலும் பள்ளிகளுக்குப் பூட்டு. ஏறத்தாழ 13,000 பிள்ளைகள் வெளியே. பெரும்பாலும் வெள்ளைப் பிள்ளைகள்! சட்டம் போட்டவர்கள் இதை யோசிக்கவே இல்லை போலும். பெற்றோரும் தொழிலதிபர்களும் முணுமுணுத்தார்கள். 1959 ஜனவரி 19 அன்று மாநில உச்ச நீதிமன்றமும் கூட்டாட்சி நீதிமன்றமும் ஒரே நாளில் அந்தச் சட்டத்தைச் செல்லாதாக்கின. மாநில நீதிமன்றத்துக்குக் காரணம் கொடுத்தது அதே 1902 அரசியலமைப்பு: இலவசப் பள்ளிகளை அரசு நடத்தியே ஆக வேண்டும் என்று அதில் இருந்தது.

ஃபார்ம்வில் இருக்கும் பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டி அப்போதும் மசியவில்லை. நிதியே ஒதுக்காமல் 1959 முதல் 1964 வரை அரசுப் பள்ளிகளை மூடி வைத்தது. வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனியார் அகாடமி கிடைத்தது. கறுப்பினப் பிள்ளைகள் பலருக்குப் படிப்பே போயிற்று.

1964இல் அமெரிக்க அரசியலமைப்பின் 24ஆவது திருத்தம் கூட்டாட்சித் தேர்தல்களுக்கு (ஜனாதிபதி, நாடாளுமன்றத் தேர்தல்கள்) மட்டும் ஓட்டு வரியை ஒழித்தது. வரி கட்டாதவர் ஆறு மாதம் முன்பே இருப்பிடச் சான்று தரட்டும் என்று வர்ஜீனியா குறுக்குவழி பார்த்தது. 1965இல் அதுவும் செல்லவில்லை. 1966 மார்ச்சில் நாட்டின் உச்ச நீதிமன்றத்தின் ஹார்ப்பர் வழக்கில் மாநிலத் தேர்தல் வரியும் விழுந்தது. அந்த ஆண்டே வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க டெமாக்ரடிக் கட்சிக்குள் நடந்த பிரைமரி தேர்தலில், பேர்டு அணியின் செனட்டர் வில்லிஸ் ராபர்ட்சன் வெறும் 611 ஓட்டில் தோற்றார்.

பழைய டெமாக்ரட்டுகள் கட்சி மாறத் தொடங்கியது அதன் பிறகுதான். பள்ளி மூடும் சட்டத்துக்கு முன்னின்ற மில்ஸ் காட்வின், 1965இல் டெமாக்ரட்டாக ஆளுநரானவர், 1973இல் ரிபப்ளிகனாக நின்று மறுபடி வென்றார். அதற்காக ரிபப்ளிகன்கள் எல்லோரையும் ஒரே தராசில் நிறுக்க முடியாது. 1969இல் வென்ற ரிபப்ளிகன் ஆளுநர் லின்வுட் ஹோல்டன், மறுவருடம் கறுப்பினப் பிள்ளைகள் பெரும்பான்மையாக இருந்த ரிச்மண்ட் அரசுப் பள்ளிக்கு மகளைத் தாமே அழைத்துப் போனார். 1989இல் டெமாக்ரட் டக்ளஸ் வைல்டர், அமெரிக்காவில் தேர்தலில் வென்ற முதல் கறுப்பின ஆளுநரானார். வித்தியாசம் 7,000 ஓட்டுக்கும் குறைவு. கருத்துக்கணிப்புகள் அதிகம் காட்டியிருந்தன.

நீங்கள் கேட்ட இன்னொன்று: இங்கே வாக்காளர் பட்டியலில் கட்சி பதிவதில்லை. பிரைமரியில் எந்தக் கட்சிப் பக்கமும் போகலாம், ஆனால் ஒன்றில்தான்.

சித்தியையும் தம்பியையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
செல்வி