டோல்கி வாசிக்க ஆள் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். நான் கும்பகோணத்தில் பிறந்தவள். கல்யாணமாகி மும்பைக்கு வந்து 32 வருஷம் ஆகிறது. மராத்தி நாட்டுப்புறக் கலை நிகழ்ச்சி என்று எங்கே போஸ்டர் ஒட்டியிருந்தாலும் போய்விடுவேன். போன மாதம் தாணேயில் ஓர் அரங்கில் அப்படி ஒரு நிகழ்ச்சி பார்த்தேன். அன்றிலிருந்து மனசு ஆறவில்லை. மேடைக் கலைகளில் அக்கறை உள்ள இதழ் என்பதால் உங்களுக்கு எழுதுகிறேன்.

கணபதி வணக்கம், மயிலிறகுத் தொப்பி வைத்த வாசுதேவ் என்ற நாடோடிப் பாடகர், கோளி மீனவர் ஆட்டம், பெண்களின் மங்களாகௌரி விளையாட்டு, பண்டரிபுரம் போகும் வாரகரி பக்தர்களின் திண்டி ஊர்வலம், போவாடா என்ற வீரக்கதைப் பாட்டு, லாவணி ஆட்டம் என்று மூன்று மணி நேரம். ஆடிய பிள்ளைகள் உயிரைக் கொடுத்து ஆடினார்கள். அவர்களை ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனால் மேடையில் வாத்தியக்காரர் ஒருவர்கூட இல்லை. எல்லாமே பதிவு செய்த இசை.

லாவணிக்கு வந்தபோதுதான் அது உறைத்தது. ஒன்பது கஜம் நவ்வாரிப் புடவையும், இரண்டு காலிலும் கிலோக்கணக்கில் சலங்கையும் கட்டிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். லாவணி என்பது ஆடுபவளும் டோல்கி என்ற மேளம் வாசிப்பவரும் பேசிக்கொள்கிற கலை. அவள் காலால் கேட்பாள், அவர் விரலால் பதில் சொல்வார். அவர் வேகம் கூட்டினால் இவள் விடமாட்டாள். அன்றைக்கு அவள் ஆடி முடித்ததும் அரங்கமே எழுந்து ‘வன்ஸ் மோர்’ கேட்டது. மராத்தி மேடையில் அது ரசிகர்களின் உரிமை மாதிரி. அவளும் மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தாள், ஒரு காலை எடுத்து முன்னே வைத்தாள். அதற்குள் அடுத்த பாட்டு தானாக ஓட ஆரம்பித்துவிட்டது. அவள் ஓரமாக ஒதுங்கிப் போனாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

போவாடாவும் அப்படித்தான். டஃப் என்ற பறையைத் தட்டி ஷாஹிர் என்கிற பாடகர் பாட, பின்னால் நிற்பவர்கள் ‘ஜீ ஜீ’ என்று எடுத்துக்கொடுக்க வேண்டும். அஃப்சல் கானை சிவாஜி வென்ற 1659 காலத்திலிருந்து வருகிற பாட்டு வடிவம் இது. மராத்தி பேசுகிறவர்களுக்குத் தனி மாநிலம் கேட்ட சம்யுக்த மகாராஷ்டிரப் போராட்டத்தில் அண்ணாபாவ் சாத்தேயும் அமர் ஷேக்கும் ஆலைத் தொழிலாளிகள் முன்னால் நின்று பாடியதும் இந்த மரபில்தான். எதிரே இருக்கிற கூட்டத்தின் முகத்தைப் பார்த்து நீட்டிக் குறைத்துப் பாட வேண்டியதை, வாயசைத்துப் பாடினால் என்ன மிஞ்சும்?

இருபது வருஷத்துக்கு முன்னால் தாதரில் பார்த்த ஒரு நிகழ்ச்சி இன்னும் நினைவில் இருக்கிறது. பவானி அம்மனுக்கான கோந்தள் என்ற வழிபாட்டுக் கலை. ஒருவர் கையில் திவ்டி என்ற தீப்பந்தம், இன்னொருவர் இடுப்பில் சம்பள் என்ற இரட்டை முரசு. பக்கத்தில் ஒருவர் ஒற்றைக் கம்பி கட்டிய சின்ன வாத்தியத்தை மீட்டிக்கொண்டிருந்தார். துண்துணே என்றார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் பக்கத்தில் காமன் பண்டிகைக்கு எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று விடிய விடிய வாதாடி லாவணிப் பாட்டுப் பாடுவார்களே, அவர்கள் கையில் இருந்த துந்தினா அது! தஞ்சையில் மராட்டிய அரசர்கள் 1855 வரை இருந்ததற்கு அரண்மனையைக் காட்டுவார்கள். எனக்கு அந்த ஒற்றைக் கம்பியின் சத்தமே போதும். அதைத் தெரிந்துகொண்டது, அதை வாசிக்கிற ஆள் என் கண்ணெதிரே உட்கார்ந்திருந்ததால்தான்.

இந்தக் கலைகளையெல்லாம் கோர்த்து நகரத்து மேடைக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் ஷாஹிர் சாபளே. ‘மகாராஷ்டிராச்சி லோகதாரா’ அவர் உண்டாக்கிய நிகழ்ச்சி. 2023-ல் மாநில கீதமாக அறிவிக்கப்பட்ட பாட்டைப் பாடிப் பரப்பியவரும் அவர்தான். அவர் போட்ட பாதையில் நடக்கிறவர்கள் வாத்தியக்காரரை விட்டுவிட்டு நடக்கலாமா?

வாத்தியக்காரர் எட்டுப் பேருக்குச் சம்பளம், சாப்பாடு, பயணச் செலவு, தனித்தனி மைக் என்று செலவு கூடும் என்பது எனக்கும் தெரியும். சரி, பின்னால் பிரம்மாண்டமாக ஓடிய எல்.இ.டி. திரையை எடுத்துவிடலாமே. அதில் கோட்டையும் அருவியும் மாறி மாறி வந்ததைத் தவிர வேறு பயன் இல்லை. பதினைந்து உருப்படியைப் பத்தாகக் குறைத்தாலும் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். புணே மாவட்டத்து நாராயண்காவில் தமாஷா என்ற நாட்டுப்புற நாடகக் குழுக்கள் இருக்கின்றன. மழைக்காலத்தில் திறந்தவெளி ஆட்டம் கிடையாது, அவர்களுக்கு வேலையும் இல்லை. நகரத்து அரங்குகளுக்குக் கூரை இருக்கிறது. அந்த மாதங்களில் அவர்களைக் கூப்பிடலாம்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். போஸ்டரில் ஆடுபவர் படத்துக்குப் பக்கத்தில் டோல்கி வாசிப்பவர் பெயரையும் போடுங்கள். அன்று 600 ரூபாய் கொடுத்தேன். அந்தப் பெயரைப் பார்த்தால் 1000 ரூபாய் என்றாலும் முதல் வரிசையில் என் வீட்டுக்கு நான்கு டிக்கெட் வாங்குவேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
செம்பூர், மும்பை