ஷார்ட்ஸா ஸ்கார்ட்டா என்பதை ஆடுகிறவர்கள் சொல்லட்டும்: கமோகி சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

(கமோகி அயர்லாந்தில் பெண்கள் ஆடும் மட்டைப்பந்து ஆட்டம். ஷார்ட்ஸ் போட்டு ஆட விடுவதா என்று அதன் சங்கம் 2025 மே 22 அன்று வாக்களிப்பதற்கு முன் எழுதிய மடல் இது; ஸ்கார்ட் கட்டாயம் என்ற விதி அந்த வாக்கெடுப்பில் மாறியது.)

மதிப்புக்குரிய கமோகி சங்க நிர்வாகிகளுக்கும், மே 22 அன்று டப்ளின் குரோக் பார்க் அரங்கில் நடக்கும் சிறப்பு மாநாட்டில் வாக்களிக்கப் போகும் பேராளர்களுக்கும்,

வணக்கம்.

2025 மே 3, சனிக்கிழமை நடந்ததை நான் உங்களுக்கு விவரிக்க வேண்டியதில்லை. லென்ஸ்டர் மாகாண அரையிறுதிக்கு டப்ளினும் கில்கென்னியும் ஷார்ட்ஸ் போட்டுக்கொண்டு மைதானத்துக்கு வந்தன. ஸ்கார்ட்டுக்கு, அதாவது உள்ளே ஷார்ட்ஸ் வைத்துத் தைத்த குட்டைப் பாவாடைக்கு, மாறாவிட்டால் ஆட்டம் கைவிடப்படும் என்று சொல்லப்பட்டது. இரண்டு அணிகளும் மாற்றிக்கொண்டு வந்து ஆடின. கில்கென்னி ஜெயித்தது. கோல் அடித்தது யார், ஆட்டத்தின் போக்கை மாற்றியது யார் என்று மறுநாள் ஒருவரும் கேட்கவில்லை. ஊரெல்லாம் ஒரே பேச்சு, அந்தத் துணியைப் பற்றித்தான்.

நடுவரைக் குறை சொல்லி இந்த மடலை எழுதவில்லை. கையில் இருந்த விதியை அவர் படித்தார், அவ்வளவுதான். ஸ்கர்ட், ஸ்கார்ட் அல்லது பிளவு ஸ்கர்ட் கட்டாயம் என்று விதியில் எழுதி வைத்திருப்பவர்கள் நீங்கள். அதனால் மடலும் உங்களுக்கே.

கேட்பது ஒன்றுதான். எதை அணிந்து ஆடுவது என்பதை ஆடுகிற பெண்ணே முடிவு செய்யட்டும். ஸ்கார்ட் பிடித்தவர்கள் ஸ்கார்ட் போடட்டும், ஷார்ட்ஸ் வேண்டும் என்கிறவர்கள் ஷார்ட்ஸ் போடட்டும். ஸ்கார்ட்டைத் தடை செய்யச் சொல்லி யாரும் கேட்கவில்லை. உங்கள் கூட்டங்களில் பேசுகிறவர்கள் சிலர் அப்படித்தான் புரிந்துகொண்டிருக்கிறார்களோ என்று சந்தேகமாக இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

நான் டப்ளினில் வசிக்கும் ஒரு தமிழ்ப் பெண். என் மகள் இங்கேதான் பிறந்தாள், பதின்மூன்று வயது, எங்கள் பகுதி கிளப்பில் கமோகி ஆடுகிறாள். இந்த ஆட்டத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் மழையில் மைதான ஓரமாக நின்று கற்றுக்கொண்டது. தமிழ் வாசகர்களுக்காக ஒரு வரி: அயர்லாந்தில் ஆண்கள் ஆடும் ஹர்லிங் என்ற மட்டைப்பந்து ஆட்டத்தின் பெண்கள் வடிவம் இது. ஆஷ் மர மட்டையும் சின்ன தோல் பந்துமாக 15 பேர் 15 பேரோடு மோதுவார்கள். தலைக்கவசம் போட்டுக்கொண்டு ஆடும் அளவுக்கு வேகமான ஆட்டம். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

வாரம் முழுக்க இந்தப் பெண்கள் பயிற்சிக்கு எதைப் போட்டுக்கொண்டு போகிறார்கள்? ஷார்ட்ஸ். ஜிம்முக்கு? ஷார்ட்ஸ். ஓட்டப் பயிற்சி, மட்டைப் பயிற்சி எல்லாம் ஷார்ட்ஸில்தான். மேட்ச் அன்றைக்கு மட்டும், உடம்பு எதற்குப் பழகியிருக்கிறதோ அதைக் கழற்றி வைத்துவிட்டு ஸ்கார்ட்டுக்குள் புக வேண்டும். குனிந்து பந்தை எடுக்கும்போது அது மேலே ஏறும். இடித்துக்கொண்டு விழுந்து எழும்போது சுற்றிக்கொள்ளும். பந்து இன்னொரு பக்கம் போன அந்த ஓரிரு நொடிகளில் பெண்கள் மட்டையை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டு மறு கையால் அதை இழுத்து விடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? மேட்ச் பார்க்கப் போகிறவர்கள் என்றால் நிச்சயம் பார்த்திருப்பீர்கள். ஓரத்தில் நிற்கும் அம்மாக்கள் நாங்கள் வேறு எதைப் பார்க்கிறோமோ இல்லையோ, அதைப் பார்த்துவிடுவோம்.

மாதவிலக்கு நாட்களைப் பற்றி வெளிப்படையாகவே எழுதுகிறேன், ஏனென்றால் உங்கள் விதியில் அதைப் பற்றி யோசித்ததற்கான அறிகுறியே இல்லை. எங்கள் அணியில் ஒரு குழந்தை. பெயரும் ஊரும் வேண்டாம். நல்ல ஆட்டக்காரி. அந்த நாட்களில் மேட்ச் வந்தால் எனக்கு முதுகு வலி, கால் வலி என்று ஏதாவது சொல்லிப் பெஞ்சில் உட்கார்ந்துகொள்கிறாள். பயிற்சிக்கு வருகிறாள், அதே நாட்களில், அதே வலியோடு, எந்தப் புகாரும் இல்லாமல். ஏன் என்று அவள் அம்மா கேட்டுக் கேட்டுக் கடைசியில் வந்த பதில்: "அதைப் போட்டுக்கொண்டு ஓட பயமாக இருக்கிறது. எல்லாரும் போன்ல வீடியோ எடுக்கறாங்க." வயது பதின்மூன்று. உங்கள் சங்கம் பெண்களை விளையாட்டுக்கு இழுக்க எவ்வளவு பாடுபடுகிறது என்று அறிக்கை வரும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெஞ்ச் ஞாபகம் வருகிறது.

இது ஓர் அம்மாவின் புலம்பல் என்று ஒதுக்க நினைத்தால், வீரர்கள் சங்கமான ஜிபிஏ நடத்திய கருத்துக்கணிப்பு உங்கள் மேசையிலேயே இருக்கிறது. மாவட்ட அணிகளில் ஆடும் பெண்களில் 70 சதவீதம் பேர் ஸ்கார்ட் அசௌகரியமாக இருக்கிறது என்றார்கள். 83 சதவீதம் பேர் தேர்வு செய்யும் உரிமை வேண்டும் என்றார்கள். அதைப் பார்த்த பிறகுமா யோசிக்க வேண்டியிருக்கிறது? 2024 மாநாட்டில் இதே கோரிக்கையோடு இரண்டு தீர்மானங்கள் வந்தன, இரண்டையும் தோற்கடித்தீர்கள். தோற்றதோடு விடவில்லை, இனி 2027 வரை இந்தப் பேச்சை எடுக்க முடியாது என்று விதி வேறு குறுக்கே நின்றது. அந்தப் பெண்கள் மே 3 அன்று ஷார்ட்ஸில் வந்து நின்றது அதனால்தான். கதவைத் தட்டித் தட்டிப் பார்த்தவர்கள் செய்வது அது. டப்ளின் கேப்டன் ஆஷ்லிங் மார் அன்றைக்கு இன்ஸ்டாகிராமில் எழுதியதை நீங்களும் படித்திருப்பீர்கள். இத்தனை வருடம் தன் மாவட்டத்துக்காக ஆடியவர் அவ்வளவு மனம் வெறுத்து எழுதும்படி ஒரு விதி இருக்க வேண்டுமா?

மரபு என்கிறீர்கள். எனக்கும் மரபு பிடிக்கும். யுனெஸ்கோ 2018-இல் ஹர்லிங்கையும் கமோகியையும் உலகப் பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்தபோது சந்தோஷப்பட்டவள் நான். ஆனால் 1904-இல் உங்கள் ஆட்டம் தொடங்கியபோது கணுக்கால் வரை பாவாடை கட்டிக்கொண்டு ஆடினார்கள்; அப்புறம் அது குட்டையானது, ஃப்ராக் ஆனது, ஸ்கர்ட் ஆனது, ஸ்கார்ட் ஆனது. ஒவ்வொரு முறையும் மாற்றியவர்கள் உங்களுக்கு முன்னால் அதே நாற்காலிகளில் உட்கார்ந்தவர்கள்தான். பல பத்தாண்டுகள் 12 பேர் ஆடிய ஆட்டத்தை 1999-இல் 15 பேர் ஆட்டமாக்கினீர்கள். 1932-இல் முதல் ஆல் அயர்லாந்து கோப்பையை டப்ளின் வென்றபோது ஆடியவர்கள் இன்றைய ஆட்டத்தைப் பார்த்தால் திகைத்துப் போவார்கள். ஆட்டம் அழிந்துவிட்டதா? பதினைந்து பேரைத் தாங்கிக்கொண்ட மரபு ஒரு ஷார்ட்ஸைத் தாங்காதா?

இன்னொன்றும் எனக்குப் புரியவில்லை. கேலிக் கால்பந்தும் (அயர்லாந்தின் சொந்தக் கால்பந்து) கமோகியும் சேர்த்து ஆடும் பெண்கள் நிறைய. சனிக்கிழமை கால்பந்துக்கு ஷார்ட்ஸ், ஞாயிற்றுக்கிழமை கமோகிக்கு ஸ்கார்ட். அதே பெண், அதே ஊர், பல நேரம் அதே மைதானம். ஒரே இரவில் அவள் கால்களுக்கு என்ன ஆகிவிடுகிறது? அந்த இரட்டை ஆட்டக்காரிகளின் மேட்ச் தேதிகள் மோதாமல் பார்த்துக்கொள்ள இரண்டு சங்கங்களாலும் முடியவில்லை. உடையை மட்டும் அங்குலம் அங்குலமாகக் கவனிக்க முடிகிறது. 2023 கோடையில் பெண்கள் அணிகள் எல்லாம் ஒன்று சேர்ந்து போராடியது எதற்கு? பயணச் செலவுக்கும், மருத்துவ வசதிக்கும், அடிப்படையான ஓர் ஒப்பந்தத்துக்கும். அதற்கெல்லாம் குழு, பேச்சுவார்த்தை, கால அவகாசம். ஆண்கள் சங்கத்தோடு இணைவதற்குக்கூட 2027 என்று நாள் குறித்திருக்கிறார்கள். ஆனால் இரண்டு அணிகளின் துணியை மாற்ற வைக்கச் சில நிமிடங்கள் போதுமாக இருந்தது. சீருடை சரியில்லை என்று பரீட்சை நாளில் பிள்ளையை வெளியே நிறுத்தும் தலைமையாசிரியர் மாதிரி நடந்துகொண்டீர்கள். பெண்கள் என்ன உடுத்த வேண்டும் என்று கருத்துச் சொல்ல எங்கள் ஊரில் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். அவர்களை விட்டுத் தள்ளி வந்தோம் என்று நினைத்திருந்தேன்.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். தேதி மோதலும் பயணச் செலவும் வேறொரு மடலுக்கு.

மே 10-ஆம் தேதி கார்க்கும் வாட்டர்ஃபோர்டும் ஆட வேண்டிய மன்ஸ்டர் மாகாண இறுதிப் போட்டியைக் கடைசி நேரத்தில் தள்ளிவைத்தது நல்ல யோசனை அல்ல. வேலையிலிருந்து விடுப்பு எடுத்தவர்கள், டிக்கெட் வாங்கிய குடும்பங்கள், அந்த ஒரு நாளுக்காக மாதக் கணக்கில் உடம்பைத் தயார் செய்த பெண்கள், எல்லாரும் காத்திருக்கிறார்கள். ஷார்ட்ஸைப் பார்ப்பதைவிட இறுதிப் போட்டியே இல்லாமல் இருப்பது மேல் என்று ஒரு விளையாட்டுச் சங்கம் முடிவெடுத்ததாகத்தான் வெளியிலிருந்து தெரிகிறது. அந்த எண்ணம் தவறு என்றால் நீங்களே வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

சிறப்பு மாநாட்டைக் கூட்டியதற்கு நன்றி, அதை மனதாரச் சொல்கிறேன். தீர்மானம் நிறைவேற மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும் என்று தெரியும். பேராளர்களே, நீங்கள் பெரும்பாலும் உங்கள் மாவட்டத்தின் குரலாகத்தான் வருகிறீர்கள். வருவதற்கு முன் உங்கள் மாவட்ட அணியின் உடைமாற்றும் அறைக்குப் போய் அந்தப் பெண்களிடமே ஒரு தடவை கேட்டுவிட்டு வாருங்கள். அப்புறம் எதை அணிவது என்பதை ஆடுகிறவளே முடிவு செய்யட்டும் என்று வாக்களியுங்கள்.

நிறைவேறினால் தயவுசெய்து அன்றைக்கே அமலுக்குக் கொண்டு வாருங்கள். அடுத்த சீசன், அடுத்த ஆண்டு என்று இழுக்க வேண்டாம். ஆல் அயர்லாந்து வெற்றியாளருக்குத் தரும் ஓ'டஃபி கோப்பைக்கான ஆட்டங்கள் இந்தக் கோடையில்தான் நடக்கின்றன. மூத்த அணிகளோடு நிறுத்தாமல் கிளப்புகளுக்கும், பதினான்கு வயதுக்கு உட்பட்டவர்களுக்கும், பள்ளி அணிகளுக்கும் ஒரே நாளில் தெரிவியுங்கள். தொலைக்காட்சியில் வருகிறவர்களுக்குக் கிடைத்த உரிமை எங்கள் பகுதி மைதானத்துக்கு வந்து சேர ஒரு வருடம் ஆகக் கூடாது. மன்ஸ்டர் இறுதிப் போட்டிக்கும் விரைவில் ஒரு தேதி அறிவித்தால் நல்லது.

இப்படிக்கு,
மரியாதையுடனும் கொஞ்சம் கோபத்துடனும்,
டப்ளினில் ஒரு கமோகி ஆட்டக்காரியின் அம்மா