பூஸ்ட் போர்டில் வோல்ட் கட்டில்லாமல் ஏறுவது குறித்த புகார்

அனுப்புநர்:
ரேடியோ, பாட்டரி ரிப்பேர் கடை,
தாக்கேத்தா, யாங்கோன்.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
எலக்ட்ரானிக் உதிரிபாக விற்பனைப் பிரிவு,
யாங்கோன்.

பொருள்: எம்டி3608 பூஸ்ட் போர்டுகளில் (வோல்ட்டை உயர்த்தித் தரும் சின்ன சர்க்யூட்) உள்ள பழுதான பிரீசெட் (வெளிவோல்ட்டைத் திருகி வைக்கும் மின்தடை), அதனால் எரிந்துபோன ரௌட்டர், பணத்தைத் திருப்பித் தருதல்.

ஐயா,

உங்கள் கவுண்டரில் பர்மிய மொழியில் சொல்லிப் பார்த்துவிட்டேன். "ஒயரை மாற்றிக் கொடுத்திருப்பீர்கள்" என்பதற்கு மேல் பதில் வரவில்லை. நிர்வாகத்தில் நம்மவர்கள் இருப்பதாகக் கேள்விப்பட்டதால், விவரமாக எழுதினால் படிப்பீர்கள் என்று தமிழிலேயே எழுதுகிறேன்.

யாங்கோனில் மின்சாரம் முறை வைத்து வருவது உங்களுக்குத் தெரியாததல்ல. வசதி உள்ளவர்கள் இன்வெர்ட்டர் போட்டுக்கொள்கிறார்கள். மற்றவர்களுக்கு நான் 18650 என்ற லித்தியம் சார்ஜ் செல்களை இணையாகக் கட்டி, உங்களிடம் வாங்கும் இந்தச் சின்ன போர்டை வைத்து 12 வோல்ட்டாக உயர்த்தி, ரௌட்டருக்கும் எல்இடி பட்டைக்கும் கொடுக்கிறேன். முன்பு வாங்கிய சரக்கில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கடைசியாக வாங்கிய பெட்டியில்தான் வினை.

பக்கத்துத் தெரு சயாமா (ஆசிரியை) ஒருவர் வீட்டிலிருந்தே பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறார். அவருக்குக் கட்டிக் கொடுத்த பெட்டியில் வெளிவோல்ட்டை மீட்டர் வைத்து 12-க்குத் திருகி, லோடு கொடுத்துப் பார்த்த பிறகுதான் அனுப்பினேன். சில நாளில் ரௌட்டர் அணைந்துபோய்த் திரும்பி வந்தது. பிரித்துப் பார்த்தால் உள்ளே 16 வோல்ட் கண்டன்சர் வீங்கியிருக்கிறது, அதை அடுத்த ஐசியில் ஓட்டை. 12 வோல்ட் மட்டும் போயிருந்தால் இப்படி ஆகாது. போர்டிலிருந்த ஐசியும் செத்துவிட்டது.

அதன் பிறகு, உங்களிடம் வாங்கிய அந்தப் பெட்டியில் மிச்சமிருந்த போர்டுகளை மேசையில் வைத்துச் சோதித்தேன். பல போர்டுகளில் அந்த நீல பிரீசெட்டை நகத்தால் தட்டினாலே போதும், மீட்டர் 12-லிருந்து 20-க்கு மேல் தாவுகிறது. உள்ளே ஊர்ந்து செல்லும் முள் தடத்தை விட்டு விலகுகிறது என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

ஏன் என்று உங்கள் ஆட்களுக்கும் தெரிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். இந்த ஐசி தன் ஃபீட்பேக் காலில் (வெளிவோல்ட்டைக் கவனிக்கும் முனை) 0.6 வோல்ட் இருக்கிறதா என்று மட்டுமே பார்க்கும். வெளிவோல்ட்டுக்கும் அந்தக் காலுக்கும் நடுவில் 100 கிலோ ஓம் பிரீசெட், அந்தக் காலுக்கும் தரைக்கும் நடுவில் 2.2 கிலோ ஓம். பிரீசெட்டின் தொடர்பு விட்டுப்போனால் ஃபீட்பேக் கால் தரைக்கு இறங்கிவிடும். வோல்ட் போதவில்லை என்று நினைத்து ஐசி முழு மூச்சில் ஏற்றும். ஸ்விட்ச் கால் தாங்குவது 30 வோல்ட்தான். முதலில் லோடு போகும், பிறகு ஐசியே போகும். பிரீசெட்டைத் தரைப்பக்கம் வைத்திருந்தால், தொடர்பு விட்டதும் வோல்ட் கீழே இறங்கியிருக்கும், யாருக்கும் நட்டமில்லை. வடிவமைப்பு உங்களுடையது அல்ல என்பது தெரியும். ஆனால் இந்த வடிவமைப்பில் மட்டமான பிரீசெட்டைப் போட்டு வந்த சரக்கைச் சோதிக்காமல் விற்றது நீங்கள்.

ஒயர் மாற்றிக் கொடுத்தேன் என்ற பேச்சுக்கு வருகிறேன். தட்டினால் தாவிய போர்டுகளில் பிரீசெட்டைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் 39 கிலோ ஓமையும் 2.7 கிலோ ஓமையும் தொடராகச் சால்டர் செய்தேன். கணக்குப்படி 11.97 வோல்ட் வர வேண்டும், மீட்டரிலும் ஏறக்குறைய அதுவே வந்தது. தட்டினேன், சூடாக்கினேன், இரவு முழுக்க ரௌட்டரை ஓடவிட்டேன். அசையவில்லை. அதே ஐசி, அதே காயில், அதே ஒயர். பிளஸ், மைனஸ் மாறியிருந்தால் அந்த ஐசி எப்படி உயிரோடு இருக்கும்?

கவுண்டரில் இருந்த தம்பி இன்னொன்றும் சொன்னார்: "இடப்பக்கம் பல சுற்று திருக வேண்டும், அதுவரை வோல்ட் மாறாது." சரிதான், அது இந்த போர்டின் சுபாவம். உள்வோல்ட்டுக்குக் கீழே இது இறங்காது என்பதும் தெரியும். நான் புகார் சொல்வது அதைப் பற்றி அல்ல.

சொல்ல வந்த இடத்தில் லேபிளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெட்டியில் "2 ஆம்பியர்" என்று பெரிதாக அச்சடித்திருக்கிறீர்கள். எந்த வோல்ட்டிலிருந்து எந்த வோல்ட்டுக்கு? 3.7 வோல்ட் செல்லிலிருந்து 12 வோல்ட், 2 ஆம்பியர் என்றால் 24 வாட். 85 சதவீதத் திறனில் செல்லிலிருந்து ஏழரை ஆம்பியருக்கு மேல் இழுக்க வேண்டும். ஐசியின் ஸ்விட்ச் 4 ஆம்பியரிலேயே தன்னை நிறுத்திக்கொள்ளும். அரை ஆம்பியர் என்றால் நிம்மதியாக ஓடும், ஒரு ஆம்பியரே விளிம்பு. நான் கணக்குப் போட்டு வாங்குகிறவன், தப்பித்தேன். பெகு (பாகோ), சிரியம் (தான்லின்) ஊர்களிலிருந்து பஸ் பார்சலில் வாங்குகிறவர்கள் லேபிளை நம்பித்தான் வாங்குகிறார்கள்.

எனவே, அந்தப் பெட்டிக்கு நான் கொடுத்த முழுத் தொகையையும், சயாமாவுக்கு நான் கைக்காசில் வாங்கிக் கொடுத்த ரௌட்டரின் விலையையும் திருப்பித் தர வேண்டும். மாற்று போர்டு வேண்டாம், அதே லாட்டிலிருந்துதான் எடுத்துத் தருவீர்கள். அந்த லாட்டில் மீதி இருப்பதை விற்பனையிலிருந்து எடுத்துவிடுங்கள். அதற்காவது தாமதம் வேண்டாம், யாராவது இந்நேரம் அதைப் பிள்ளையின் போனில் மாட்டிக்கொண்டிருப்பார்கள்.

பில்லின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். பழுதான போர்டுகளைச் சிவப்பு மையால் குறியிட்டுத் தனியே வைத்திருக்கிறேன், கழற்றிய பிரீசெட்டுகளும் உண்டு. விவரம் தெரிந்த ஒருவரை உங்கள் மீட்டரோடு அனுப்புங்கள். மின்சாரம் இருக்கும் நேரம் பார்த்து வர வேண்டியதில்லை, ஒரு செல் இருந்தால் போதும்.

இப்படிக்கு,
தாக்கேத்தா ரிப்பேர் கடைக்காரர்